கம்பியில்லா உணரி வலையமைப்புக்கு எந்த நெறிமுறை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் பாலிடெக்னிக் மாணவர்கள், பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்கள், பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள் ஆகியோர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் சிறிய பட்டறைக்கு வந்து கேட்ட கேள்விகளின் தொகுப்பு இது. உணரி, சிறு செயலி, வானொலி, பேட்டரி ஆகிய நான்கும் ஒரே பெட்டிக்குள் இருப்பதை இங்கே கணு என்று குறிப்பிடுகிறேன். கணுக்கள் அனுப்பும் தரவை வாங்கி இணையத்துக்கோ கணினிக்கோ கொடுக்கும் பெட்டியை கேட்வே என்கிறேன். இவை எப்போது, எப்படிப் பேச வேண்டும் என்ற விதிகளே நெறிமுறை.

இருப்பவற்றில் சிறந்த நெறிமுறை எது?

விற்பனைத் தாள்களில் தூரமும் வேகமும்தான் முதல் வரியில் இருக்கும். மண்ணின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளக்கும் கணு ஒரு தடவைக்கு அனுப்புவது பெரும்பாலும் பத்து பைட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால், வேகத்தை வைத்து ஒப்பிடுவதில் பயன் அதிகமில்லை. யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கணு பேசும் நேரத்தில் அதைக் கேட்பதற்கு யார் விழித்திருக்கப் போகிறார்கள், அந்த விழிப்புக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியையே சுற்றி வரும்.

ஜிக்பீ, திரெட், 6லோபான், 802.15.4 எல்லாம் ஒன்றா? எம்கியூடிடியை எங்கே வைப்பது?

ஒன்றல்ல. ஆனால் ஒரே அடித்தளத்தின் மேல் எழுந்தவை. ஐஇஇஇ 802.15.4 என்பது 2003இல் வெளியான தரம். அலை எப்படிப் போக வேண்டும், வானொலியை யார் எப்போது பயன்படுத்தலாம் என்ற கீழ் இரண்டு அடுக்குகளை மட்டும் அது வரையறுக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அதன் வேகம் வினாடிக்கு 250 கிலோபிட், ஒரு பொட்டலத்தின் (ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின்) உச்ச அளவு 127 பைட்டு. இதன் மேல் தனக்கென ஒரு முகவரி முறையையும் வழியறியும் முறையையும் வைத்துக்கொண்டது ஜிக்பீ. இணையத்தின் ஐபிவி6 முகவரியையே கணு வரை கொண்டுவருவது திரெட். ஐபிவி6 குறைந்தது 1280 பைட்டுப் பொட்டலத்தை எதிர்பார்க்கிறது, அதன் தலைப்பு மட்டுமே 40 பைட்டு; இதை 127 பைட்டுக்குள் அடக்கத் தலைப்பைச் சுருக்கி, பொட்டலத்தைத் துண்டாக்கும் இடைத்தட்டுதான் 6லோபான்.

எம்கியூடிடியும் கோஆப்பும் இவை எல்லாவற்றுக்கும் மேலே, பயன்பாட்டு அடுக்கில், செய்தியை நிரலுக்கு நிரல் கொண்டுசேர்ப்பவை. 'ஜிக்பீ நல்லதா, எம்கியூடிடி நல்லதா?' என்று திட்ட முன்மொழிவில் எழுதுவது, பினாங்குப் பாலம் நல்லதா, அதன் மேல் ஓடும் பேருந்து நல்லதா என்று கேட்பது போன்றது. தேர்வாளர் முதல் பக்கத்திலேயே சிவப்பு மை எடுத்துவிடுவார்.

பேட்டரி ஓர் ஆண்டு வரும் என்று கணக்குப் போட்டோம்; ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது. எங்கே தவறினோம்?

அனுப்புவதற்கான மின்சாரத்தைக் கணக்கிட்டிருப்பீர்கள். கேட்டுக்கொண்டிருப்பதற்கான மின்சாரத்தை விட்டிருப்பீர்கள். பல ஆய்வுகளில் பயன்பட்ட சிசி2420 என்ற வானொலிச் சில்லைப் பாருங்கள். அது அனுப்பும்போது 17.4 மில்லியாம்பியர் எடுக்கிறது, பெறும் நிலையிலோ அதைவிடச் சற்று அதிகமாக, ஏறத்தாழ 19 மில்லியாம்பியர் எடுக்கிறது. யாரும் பேசாத வெறும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் இதே செலவுதான். 2500 மில்லியாம்பியர்-மணி கொண்ட பேட்டரியை 19ஆல் வகுத்தால் சுமார் 131 மணி நேரம் வரும், அதாவது ஐந்தரை நாள். உங்கள் ஒரு வாரம் எங்கே போனது என்பதற்கு இந்த வகுத்தலே பதில்.

வானொலியை நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழிக்க வைத்தால் அதே பேட்டரி ஒன்றரை ஆண்டு தாங்கும். தூங்கும் கணுவிடம் எப்படிப் பேசுவது என்ற சிக்கல் அப்போது எழுகிறது. உணரி வலையமைப்பு ஆய்வில் ஊடக அணுகல் நெறிமுறைகள் (வானொலியை யார் எப்போது பயன்படுத்தலாம் என்ற விதிகள், சுருக்கமாக மேக்) இத்தனை பெயர்களில் முளைத்ததற்குக் காரணம் அதுதான். 2002இல் வந்த எஸ்-மேக், அக்கம்பக்கத்துக் கணுக்கள் எல்லாம் ஒரே கால அட்டவணைப்படி ஒன்றாக விழித்து ஒன்றாக உறங்கும்படி செய்தது. 2004இன் பி-மேக் அட்டவணையைக் கைவிட்டது. ஒவ்வொரு கணுவும் தன் போக்கில், உதாரணமாக 100 மில்லிவினாடிக்கு ஒரு முறை, கண்ணைத் திறந்து அலையில் சலனம் உண்டா என்று பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். அனுப்புபவர் அந்த 100 மில்லிவினாடியும் நீடிக்கும் முன்னொலியை, அதாவது செய்திக்கு முந்தைய அழைப்பு அலையை, எழுப்பியாக வேண்டும். செலவு கேட்பவரிடமிருந்து அனுப்புபவருக்கு மாறியது, அவ்வளவுதான். அதோடு, செய்தி யாருக்கு என்று தெரியாததால் அக்கம்பக்கத்தார் அனைவரும் அந்த முன்னொலியைக் கேட்டு வீணாக விழித்திருப்பார்கள். 2006இன் எக்ஸ்-மேக் முன்னொலியைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் பெறுபவரின் முகவரியை எழுதியது. உரியவர் இடைவெளியில் 'வந்துவிட்டேன்' என்று குரல் கொடுத்தால் மிச்ச முன்னொலி தேவையில்லை, மற்றவர்கள் முதல் துண்டைப் பார்த்ததுமே தூங்கப் போய்விடலாம்.

இவற்றை ஒப்பிடும் திட்டப்பணியில் செய்தி எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைக் கட்டாயம் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு செய்தி என்றால் பி-மேக் கூட நன்றாகத்தான் இருக்கும். வினாடிக்கு ஒன்று என்றால் முன்னொலியே வலையமைப்பை விழுங்கிவிடும்.

ஜிக்பீயில் இறுதிக் கணு பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறதே?

ஓடும். 127 பைட்டு முழுப் பொட்டலத்தை அனுப்பவே அதற்கு நான்கு மில்லிவினாடி சொச்சம்தான் ஆகும். மற்ற நேரமெல்லாம் உறங்கலாம். ஆனால் அதன் செய்தியை வாங்கிக் கடத்தும் தாய்க் கணுவான ரூட்டர் இரவும் பகலும் விழித்திருக்கிறது. நாளொன்றுக்கு 19ஐ 24ஆல் பெருக்கினால் 456 மில்லியாம்பியர்-மணி. வீட்டுச் சுவரில் மின்சாரத்தோடு இணைந்த விளக்கோ பிளக்கோ ரூட்டராக இருப்பதால் யாருக்கும் அது உறைப்பதில்லை. தோட்டத்தின் நடுவில் அந்தப் பிளக் எங்கே இருக்கிறது?

அப்படியானால் எல்லாவற்றுக்கும் லோராவே போதாதா? தூரமும் கிடைக்கிறது, ரூட்டரும் வேண்டாம்.

தோட்டத்துக்குப் பல நேரங்களில் போதும். லோரா என்பது நெடுந்தூரம் எட்டும் வானொலி முறை, அதன் மேல் இயங்கும் நெறிமுறை லோராவான். லோராவான் 'ஏ' வகைக் கணு தானாக விழித்து, பேசி, பிறகு இரண்டு சிறு பெறும் சாளரங்களைத் திறந்து பார்த்துவிட்டு உறங்கிவிடுகிறது. எந்நேரமும் விழித்திருக்கும் பொறுப்பை மின்சாரம் உள்ள கேட்வே ஏற்கிறது. இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான். கேட்வேயிலிருந்து கணுவுக்குக் கட்டளை போக வேண்டுமென்றால் கணு அடுத்த முறை வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அதற்கான விலை. நீர்ப்பம்பை உடனே நிறுத்த வேண்டிய இடத்தில் 'ஏ' வகையை வைக்காதீர்கள்; எப்போதும் கேட்டிருக்கும் 'சி' வகை வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும்.

அடுத்தது காற்றில் பிடிக்கும் நேரம். லோராவில் எஸ்எஃப்7 முதல் எஸ்எஃப்12 வரை விரவல் எண்கள் உண்டு. எண் கூடக் கூடத் தூரம் கூடும், வேகம் குறையும். 10 பைட்டுத் தரவுக்கு லோராவான் தன் பங்குக்கு 13 பைட்டு சேர்க்கிறது. இந்த 23 பைட்டும் 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எஸ்எஃப்7இல் போய்ச்சேர ஏறத்தாழ 62 மில்லிவினாடி ஆகும், எஸ்எஃப்10இல் 371, எஸ்எஃப்12இல் 1483. கடைசிக்கும் முதலுக்கும் 24 மடங்கு. மின்சாரமும் அதே 24 மடங்கு. ஆயினும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எஸ்எஃப்12இல், 29 மில்லியாம்பியர் எடுத்து அனுப்பினாலும், ஒரு நாள் பேச்சுக்கு 1.7 மில்லியாம்பியர்-மணிதான் செலவாகிறது. மேலே சொன்ன ரூட்டரின் 456உடன் இதை வைத்துப் பாருங்கள். மெதுவாகப் பேசும் கணுவைவிட, வாய் திறக்காமல் விழித்திருக்கும் கணுதான் அதிகம் சாப்பிடுகிறது.

சிக்கல் எண்ணிக்கை கூடும்போது வருகிறது. லோராவான் கணு யாராவது பேசுகிறார்களா என்று பார்க்காமலேயே பேசிவிடும். இது அலோஹா முறை. ஒரே அலைவரிசையில் 200 கணுக்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எஸ்எஃப்12இல் பேசினால், எளிய அலோஹா கணக்குப்படி ஒரு செய்தி மோதாமல் போய்ச்சேரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 37. அதே 200 கணுக்கள் எஸ்எஃப்7இல் பேசினால் 96. எனவே 'தூரம் கிடைக்கட்டும்' என்று எல்லாவற்றையும் எஸ்எஃப்12இல் நிறுத்துவது, தேவாலயத் திருவிழாக் கூட்டத்தில் எல்லாரும் ஒலிபெருக்கி பிடித்துக்கொள்வதற்குச் சமம். கேட்வேயை இன்னும் உயரமான இடத்தில் மாட்டி எண்ணைக் குறைப்பதே நல்லது.

இங்கே எந்த அலைவரிசையில் லோரா வாங்க வேண்டும்?

மலேசியா, லோராவானின் ஆசிய அலைவரிசைத் திட்டமான ஏஎஸ்923ஐச் சேர்ந்தது. அதன் இயல்பு அலைவரிசைகள் 923.2, 923.4 மெகாஹெர்ட்ஸ். இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 868 மெகாஹெர்ட்ஸ் பலகைகள் ஐரோப்பாவுக்கானவை. உரிமம் இல்லாமல் பயன்படுத்தத்தக்க அலைவரிசைகளையும் திறன் வரம்புகளையும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் வெளியிடுகிறது. காசு கட்டும் முன் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஏஎஸ்923ஐப் பின்பற்றும் சில நாடுகளில் ஒரு செய்தி 400 மில்லிவினாடிக்கு மேல் காற்றில் நிற்கக் கூடாது என்ற விதியும் உண்டு. அங்கே எஸ்எஃப்11, எஸ்எஃப்12 இரண்டையும் மறந்துவிட வேண்டியதுதான்.

மழையில் தொடர்பு அறுந்துபோகிறது. மழைத்துளி அலையைத் தடுக்கிறதா?

2.4 கிகாஹெர்ட்ஸில் துளியால் ஏற்படும் இழப்பு, நம் ஊர்ப் பேய்மழையிலும், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல்லில் சிறு பங்குதான். இழப்பு இலையில் இருக்கிறது. நனைந்த இலைக்கூட்டம் அலையை நன்றாக உறிஞ்சும். அலைநீளம் குறையக் குறைய உறிஞ்சல் கூடும்.

இதை நான் கற்றது அவமானப்பட்டுத்தான். பாலிக் புலாவ் சரிவில் ஒரு தோட்டத்தில் பிப்ரவரி மாதம் 802.15.4 கணுக்களை 40 மீட்டர் இடைவெளியில் வைத்துச் சோதித்தேன். நூற்றுக்கு நூறு செய்திகள் வந்தன. மழை பிடித்த பிறகு பாதிக் கணுக்கள் மௌனமாயின. தோட்டக்காரப் பெரியவர் மரத்தடியில் நின்றபடியே, "தம்பி, இலை காய்ந்திருக்கும்போது வந்து அளந்தால் இப்படித்தான்" என்றார். இடைவெளியை 20 மீட்டராகக் குறைத்து, ஆன்டெனாவைக் கிளைக் கூட்டத்துக்குக் கீழே, அடிமரம் மட்டும் நிற்கும் உயரத்துக்கு இறக்கிய பிறகே தொடர்பு நிலைத்தது. அப்படியும் ஒரு கணு பேசவில்லை. பெட்டியைத் திறந்தால் கம்பி நுழையும் துளை வழியாக எறும்புகள் புகுந்து, பேட்டரி முனையைச் சுற்றி முட்டையிட்டிருந்தன. எந்த நெறிமுறையிலும் அதற்குத் தீர்வு எழுதப்படவில்லை. துளையை சிலிக்கோன் பசையால் அடைத்தோம்.

கணுவிலிருந்து கணுவுக்குத் தாவும் மெஷ் நல்லதா, நேரே கேட்வேக்குப் போகும் நட்சத்திர அமைப்பு நல்லதா?

மெஷ்ஷில் ஒரு பாதை அறுந்தால் வேறு பாதை உண்டு என்பது உண்மை. ஆனால் பத்துக் கணுக்கள் வரிசையாக நின்று ஒன்றின் தோளில் ஒன்று செய்தியை ஏற்றும்போது, கேட்வேக்கு அருகில் உள்ள கணு தன்னுடையதையும் சேர்த்துப் பத்துச் செய்திகளை அனுப்புகிறது. கடைக்கோடிக் கணு ஒன்றை மட்டும் அனுப்புகிறது. அருகில் உள்ளது முதலில் சாகும், அதோடு மற்ற ஒன்பதும் நல்ல பேட்டரியோடு ஊமையாகும். மெஷ் வைப்பதாக இருந்தால் கேட்வேயைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று கணுக்களுக்காவது சூரியத் தகடு போடுங்கள்.

ஜார்ஜ் டவுன் கடைவீட்டில் ஜிக்பீ வைத்தோம். பகலில் செய்திகள் தவறுகின்றன, இரவில் சரியாக இருக்கிறது.

இருபுறமும் அண்டைக் கடை, மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் என மூன்று நான்கு வைஃபைகள் உங்கள் சுவருக்குள் வருகின்றன. வைஃபை பெரும்பாலும் 1, 6, 11 ஆகிய தடங்களில் (சேனல்களில்) இருக்கும். ஜிக்பீயின் 11 முதல் 26 வரையான 16 தடங்களில் 15, 20, 25, 26 ஆகியவை அந்த மூன்றுக்கும் இடைப்பட்ட அல்லது அப்பாற்பட்ட இடத்தில் விழுகின்றன. வைஃபை ரூட்டர் பொதுவாக 100 மில்லிவாட் திறனில் கத்தும்போது, 1 மில்லிவாட்டில் பேசும் கணு என்ன செய்யும்? பேச இடம் கேட்டுக் காத்திருந்து, அலுத்துப்போய்ப் பொட்டலத்தைக் கைவிடும். லெபோ பாசாரில் ஒரு மளிகைக் கடையின் குளிரறைக்கு வைத்த கணுக்களை 12ஆம் தடத்திலிருந்து 25க்கு மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது. ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. 26ஆம் தடத்தில் சில சாதனங்கள் தங்கள் திறனைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் அது என் முதல் தேர்வல்ல.

தொழிற்சாலையில் இயந்திர அதிர்வையும் அழுத்தத்தையும் கண்காணிக்க என்ன வைப்பது?

செய்தி வந்தாலும் வரும் என்ற நிலையை அங்கே ஏற்க முடியாது என்பதால் நேரம் பங்கிட்ட நெறிமுறைகளைப் பாருங்கள். 2007இல் அறிமுகமாகி 2010இல் ஐஇசி 62591 என்ற பன்னாட்டுத் தரமான வயர்லெஸ்ஹார்ட், 802.15.4 வானொலியின் மேலேயே நிற்கிறது. ஆனால் நேரத்தை 10 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டில் எந்தக் கணு எந்தக் கணுவிடம் பேசும் என்பதை மேலாளர் எனப்படும் மென்பொருள் முன்கூட்டியே எழுதிவைக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் தடமும் மாறும். ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தால் அடுத்த முயற்சி வேறு தடத்தில் போகும். இதே கருத்து 2012இல் 802.15.4இ திருத்தத்தில் டிஎஸ்சிஎச் என்ற பெயரில் பொதுத் தரத்துக்கும் வந்தது.

யார் விழித்திருப்பது என்ற நம் கேள்விக்கு இது தரும் விடை எனக்கு மிகவும் பிடித்தமானது: யாரும் வீணாக விழித்திருக்க வேண்டியதில்லை, இருவரும் குறித்த நேரத்துக்கு எழுந்தால் போதும். அதற்கு இரண்டு கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு கடிகாரப் படிகமும் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகலாம் என்றால் இரண்டுக்கும் இடையே 40 பங்கு விலகல் வரும். ஏறத்தாழ 1 மில்லிவினாடி சலுகை வைத்திருந்தால் 25 வினாடியில் அது தீர்ந்துவிடும். அதற்குள் ஒரு முறையாவது பேசிக் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். கொதிகலன் பக்கத்தில் ஒரு கணுவும் குளிரூட்டிய அறையில் மற்றொன்றும் இருந்தால் விலகல் இன்னும் கூடும்.

லீச் நெறிமுறையை வைத்து இறுதியாண்டுத் திட்டம் செய்யலாமா?

செய்யலாம்; அதன் கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். 2000ஆம் ஆண்டில் ஹைன்செல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் மூவரும் வெளியிட்ட லீச், கணுக்களைக் குழுக்களாக்கி, குழுத் தலைமையைச் சுழற்சியில் மாற்றுவது. எப்போதும் ஒருவரே சுமக்கக் கூடாது என்ற எண்ணம் நியாயமானது. அதன் ஆற்றல் மாதிரியில் ஒரு பிட்டுக்கு மின்னணுச் சுற்று 50 நானோஜூலும், பெருக்கி, மீட்டரில் சொன்ன தூரத்தின் வர்க்கத்தோடு பெருக்கிய 100 பிகோஜூலும் எடுக்கின்றன. இரண்டும் சமமாவது சுமார் 22 மீட்டரில். அந்த மாதிரி பிட்டை எண்ணுகிறது. பிட் வராத நேரத்தில் விழித்திருப்பதை எண்ணுவதில்லை. மேலும், எந்தக் கணுவும் தேவைப்பட்டால் தலைமை நிலையத்தை, அதாவது கேட்வேயை, நேரே எட்டும் என்று அது எடுத்துக்கொள்கிறது. கொடிமலைச் சரிவில் ஒரு மேடு குறுக்கே வந்தாலே அது பொய்த்துவிடும். 'நாங்கள் லீச்சை 30 விழுக்காடு மேம்படுத்தினோம்' என்று வரும் அறிக்கைகளில், கேட்கும் செலவைச் சேர்த்ததும் அந்த மேம்பாடு கரைந்துபோவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

புளூடூத் எங்கே பொருந்தும்?

கைப்பேசியை அருகில் கொண்டுபோய் வாசித்தால் போதும் என்ற இடத்தில். 2017இல் வந்த புளூடூத் மெஷ் செய்தியை எல்லாப் பக்கமும் பரப்பி அனுப்புகிறது. கடத்தும் கணுக்கள் விழித்தே இருக்க வேண்டும் என்பதால் விளக்குகளுக்குச் சரி, தோட்டத்துக்குச் சரியில்லை.

நிறுவனங்களின் சேவையை வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி தீராதா?

என்பி-ஐஓடி கைப்பேசிக் கோபுரத்தையே கேட்வேயாக ஆக்குகிறது. 2016இல் கைப்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு அதைத் தரமாக்கியது. கோபுரம் எட்டும் இடத்தில், கணு ஒவ்வொன்றுக்கும் மாதக் கட்டணம் கட்டத் தயாராக இருந்தால் நல்ல வழி. சேவையை நம்பும்போது அந்த நிறுவனத்தின் உடல்நலத்தையும் பார்க்க வேண்டும்: ஒரு செய்திக்கு 12 பைட்டு, நாளொன்றுக்கு 140 செய்தி என்று எளிமையாக இயங்கிவந்த பிரான்சின் சிக்ஃபாக்ஸ் 2022 ஜனவரியில் நொடிப்பு நடவடிக்கைக்குப் போய், அதே ஆண்டு சிங்கப்பூரின் யூனாபிஸ் கைக்கு மாறியது.

எம்கியூடிடியா, கோஆப்பா?

கேட்வேயிலிருந்து இணையத்துக்கு எம்கியூடிடி. கணுவிலேயே ஐபி இருந்தால் அங்கே கோஆப். அது யூடிபி என்ற எளிய கடத்தல் முறையில் நான்கு பைட்டுத் தலைப்போடு போகிறது, இணைப்பைப் பிடித்துவைத்திருக்க வேண்டியதில்லை. லோராவான் கணுவில் இரண்டும் தேவையில்லை.

பாதுகாப்பு?

ஜிக்பீ, லோராவான் இரண்டிலும் ஏஇஎஸ்-128 என்ற மறையாக்கம் உண்டு. ஓட்டை பெரும்பாலும் சாவியில்தான் இருக்கும். ஜிக்பீயின் இயல்புச் சாவி உலகுக்கே தெரிந்தது; லோராவானிலும் மாதிரி நிரலில் உள்ள சாவியை அப்படியே விட்டுவைப்பவர்கள் உண்டு. கணு ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி வையுங்கள்.

வாங்கும் முன் எதை அளந்து பார்ப்பது?

இரண்டே கணு வாங்குங்கள். ஒன்றைக் கேட்வே இருக்கப்போகும் இடத்திலும் மற்றொன்றை மிக மோசமான மூலையிலும் வைத்து, வரிசை எண்ணோடு நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பச் செய்து, மழை நாள் ஒன்றாவது அடங்கும்படி ஒரு வாரம் ஓடவிடுங்கள். விடுபட்ட எண்களைப் பார்த்தால், எத்தனை தவறின என்பதோடு தனித்தனியாகத் தவறினவா, சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தவறினவா என்பதும் தெரியும். முதலாவது மோதலையோ இரைச்சலையோ காட்டும். இரண்டாவது நனைந்த இலையையோ, முன்னால் வந்து நின்ற லாரியையோ காட்டும். அந்த வாரம் முழுவதும் பேட்டரிக் கம்பியில் ஒரு மில்லியாம்பியர்மானியைத் தொடராக இணைத்து, கணு ஒன்றும் அனுப்பாத நேரத்தில் அது என்ன காட்டுகிறது என்பதையும் குறித்துவையுங்கள்.